சிவப்புப் பென்சிலுக்கும் பழைய பதிவேடுகளுக்கும் பட்ட கடன்

‘உங்கள் ஸ்டார்ட்அப் தடுமாறிய காலத்தில் யாருடைய உதவி அதைக் காப்பாற்றியது, அவர்களுக்கு எப்படி நன்றி செலுத்தினீர்கள்?’ என்பது கேள்வி. நான் சொல்லப்போகிறவர்களில் ஒருவர்கூட எங்கள் நிறுவனத்தில் முதலீடு செய்தவர் அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நானும் என் நண்பரும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம், மருத்துவமனைகளில் உள்ள வென்டிலேட்டர், இன்ஃப்யூஷன் பம்ப் போன்ற கருவிகளை எப்போது பராமரிக்க வேண்டும், எப்போது அளவு சரிபார்க்க வேண்டும் என்று கணக்கு வைக்கும் மென்பொருளைத் தயாரித்தது. இரண்டாம் ஆண்டின் முடிவில் ஒன்பது மருத்துவமனைகள் எங்களிடம் இருந்தன. ஏட்டில் லாபமும் தெரிந்தது. ஆனால் மாதக் கடைசியில் சம்பளம் போடப் பணம் இருக்காது. விற்பனை போதவில்லை என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டு, பத்தாவது மருத்துவமனையைத் தேடி ஓடிக்கொண்டிருந்தோம்.

அந்த நிலையில்தான், ஒரு பெரிய உற்பத்தி நிறுவனத்தின் நிதிப் பொறுப்பை வகித்து ஓய்வுபெற்ற அம்மையார் ஒருவரைத் தெரிந்தவர் மூலமாகச் சந்தித்தோம். முதலீட்டாளர்களுக்குக் காட்டுவதற்காக நாங்கள் இரவு பகலாகத் தயாரித்திருந்த விளக்கப் படங்களை அவர் பார்க்கவே இல்லை; ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கையை அச்சிட்டு எடுத்து வரச் சொன்னார். பிறகு ஒரு சிவப்புப் பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டு, வரவாக வந்திருந்த ஒவ்வொரு தொகைக்கும் உரிய பில்லை என்றைக்கு அனுப்பினோம் என்று கேட்டுக் கேட்டு, இடையில் கழிந்த நாட்களைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டே வந்தார். 94, 121, 107, 133. மூன்றாவது பக்கம் முடிவதற்குள் என் நண்பர் நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்துவிட்டார்.

“தம்பி, நீங்கள் மருத்துவமனைகளுக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கையில் இருப்பது பதினொரு வாரத்துக்குத் தாங்கும். புதிதாக ஓர் ஆர்டர் வந்தால் ஒன்பது வாரத்துக்குத்தான் தாங்கும்” என்றார் அவர். மென்பொருளை நிறுவுவதற்கும், ஊழியர்களுக்குப் பயிற்சி தருவதற்கும், பழைய விவரங்களை ஏற்றுவதற்கும் ஆகும் செலவு முதல் வாரத்திலேயே நம் கையைவிட்டுப் போய்விடும். பணமோ நான்கு மாதம் கழித்துத்தான் வரும். ஆகவே வியாபாரம் பெருகப் பெருகக் கையிருப்பு கரைந்துகொண்டேயிருக்கும். கணக்குப் பாடத்தில் இதை நானும் படித்தவன்தான் என்றாலும், என் சொந்த நிறுவனத்தின் தாளில் அதைப் பார்க்க இன்னொருவர் வேண்டியிருந்தது.

கசப்பான உண்மையைச் சொல்பவர்கள் பலர் உண்டு. சொன்ன பிறகும் கூடவே இருப்பவர்கள் மிகச் சிலர். அவர் அடுத்த பதினான்கு மாதங்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தார். ஓராண்டுக் கட்டணத்தை முன்பணமாகச் செலுத்தினால் பத்து சதவீதம் தள்ளுபடி என்று ஒப்பந்தத்தை மாற்றி எழுதவைத்தார். கணக்குப் பிரிவுகளோடு நாங்கள் தொலைபேசியில் பேசும்போது பக்கத்திலேயே அமர்ந்திருந்தார். ஒன்பதில் ஐந்து மருத்துவமனைகள் சம்மதித்தன. ஆலோசகர்களுக்குச் சிறிதளவு பங்கு தருவது இத்துறையின் வழக்கம் என்பதால் நாங்களும் அதைத் தர முன்வந்தோம், அவர் மறுத்துவிட்டார். மாதந்தோறும் முதல் வாரத்தில் ஒரு பக்கக் கடிதம் மட்டும் போதும், அதில் வங்கி இருப்பு, வரவேண்டிய பாக்கி, அந்த மாதத்தின் பெரிய கவலை ஆகிய மூன்றும் இருக்க வேண்டும் என்றார். நன்றி சொல்வது எப்படி என்று கேட்பவர்களுக்கு என்னால் உறுதியாகச் சொல்லக்கூடியது இதைத்தான்: பொதுவான நன்றி மடல்களுக்கு அவர் பதில் எழுதியதில்லை, அவர் சொன்ன யோசனையால் என்ன நடந்தது என்று எழுதிய கடிதங்களுக்கெல்லாம் அன்றே பதில் வந்தது. அந்தக் கடிதத்தை இன்றும் அனுப்பிவருகிறேன்.

அடுத்தவர், எங்கள் முதல் வாடிக்கையாளரான மருத்துவமனையில் கருவிகள் பராமரிப்புப் பிரிவின் தலைவர். ஓர் இரவு நாங்கள் செய்த அப்டேட்டில் நாற்பது கருவிகளின் பராமரிப்பு வரலாறு அழிந்துபோனது; எங்கள் பேக்அப்பும் முழுமையாக இல்லை. காலையில் நடுங்கிக்கொண்டே போய்ச் சொன்னோம். அவர் அலமாரியைத் திறந்து, அட்டை கிழிந்த பழைய பதிவேடுகளை எடுத்து மேசைமேல் அடுக்கிவிட்டு, தாமும் எங்களோடு உட்கார்ந்து இரண்டு நாட்கள் ஒவ்வொரு தேதியாக வாசித்தார். அதற்குப் பிறகும், மற்ற மருத்துவமனைகளிலிருந்து விசாரித்தவர்களிடம் நடந்த தவற்றை மறைக்காமல், “தவறு செய்தார்கள், தாங்களே வந்து சொன்னார்கள்” என்று எங்களுக்காகத் தம் பெயரைப் பணயம் வைத்துப் பேசினார்.

பெயரைக் கொடுப்பது பணத்தைக் கொடுப்பதைவிடப் பெரிய உதவி என்று அன்றுமுதல் நம்புகிறேன். கூகுளின் கதையில், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற கணினி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆண்டி பெக்டோல்ஷைம் 1998 ஆகஸ்டில் எழுதிக்கொடுத்த 1,00,000 டாலர் காசோலையைப் பற்றியே பலரும் பேசுகிறார்கள். நிறுவனம் அப்போது பதிவுகூட ஆகியிருக்கவில்லை. ஆனால் கூகுளைத் தொடங்கிய லாரி பேஜையும் செர்ஜி பிரின்னையும் அவரிடம் அறிமுகப்படுத்தியவர் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் டேவிட் செரிட்டன். சந்திப்பு நடந்ததும் செரிட்டனின் வீட்டு வாசலில்தான். பெக்டோல்ஷைமும் செரிட்டனும், 1996இல் கணினி வலையமைப்புக் கருவிகளைத் தயாரிக்கும் சிஸ்கோ வாங்கிய கிரானைட் சிஸ்டம்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்து தொடங்கியவர்கள். அந்தக் காசோலைக்குப் பின்னால் அப்படியொரு பழக்கத்தின் நம்பிக்கையும் இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கடைசியாக, எங்கள் முதல் ஊழியர். அந்தப் பதினொரு வாரக் கணக்கை மறைக்காமல் அவரிடம் சொன்னபோது, மூன்று மாதம் பாதிச் சம்பளம் போதும் என்று அவரே சொல்லிவிட்டு, திரும்பிப் போய் வேலையைத் தொடர்ந்தார். அப்போது அவர் கையில் வேறொரு நிறுவனத்தின் வேலைக்கான கடிதம் இருந்தது என்பது ஓராண்டு கழித்துத்தான் எங்களுக்குத் தெரியவந்தது. பாக்கிச் சம்பளத்தை ஏழாவது மாதத்தில் முழுவதுமாகக் கொடுத்துவிட்டோம், பங்கும் கொடுத்தோம். ஆனால் அந்த மூன்று மாதங்களைத் தம் வீட்டில் என்ன சொல்லிச் சமாளித்தார் என்று நான் அவரிடம் இதுவரை கேட்டதில்லை.