கேள்வி – பதில்: முன்மருந்தைத் திறக்கும் ஆன்டிபாடி

கேள்வி: ஆன்டிபாடி கிருமியைப் பற்றிக்கொள்ளும் என்றுதான் படித்திருக்கிறோம். அது எப்படி முன்மருந்தை, அதாவது வெட்டிய பிறகே வேலைசெய்யும் மருந்தை, வெட்டி விடுவிக்கும்?

பதில்: எதைக் காட்டி வளர்க்கிறோமோ அதன் வடிவத்துக்கே ஆன்டிபாடியின் பிடி அமைகிறது. முன்மருந்தில் உள்ள எஸ்டர் பிணைப்போ கார்பமேட் பிணைப்போ நீரால் உடையும்போது நடுவில் கார்பன் நான்முகி வடிவம் எடுக்கிறது. அந்த நிலை நிலைக்காது. ஆனால் அதே வடிவமும் மின்சுமையும் கொண்ட, உடையாத பாஸ்போனேட் சேர்மத்தைச் செய்யலாம்; இதுதான் ஹாப்டென். அதைப் பெரிய புரதமொன்றில் இணைத்து எலிக்குச் செலுத்தினால் உருவாகும் ஆன்டிபாடிகளில் சில, உண்மை மூலக்கூறையும் அந்த வடிவத்துக்குத் தள்ளி உடைத்துவிடும். 1986-இல் ரிச்சர்ட் லெர்னர் குழுவும் பீட்டர் ஷுல்ட்ஸ் குழுவும் தனித்தனியே இதைக் காட்டின.

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் ஒரு ஆன்டிபாடி முன்மருந்தை உடைக்கிறது. கூடவே ஒட்டிவந்த எஸ்டரேஸின் (எஸ்டரை உடைக்கும் நொதியின்) வேலையாக இருக்குமோ என்று வழிகாட்டி கேட்கிறார். எப்படி உறுதிசெய்வது?

பதில்: மிக நியாயமான கேள்வி. வினையூக்கி ஆன்டிபாடிகள் மெதுவானவை. ஆயிரத்தில் ஒரு பங்கு நொதி கலந்திருந்தாலும் அதன் வேகம் இவற்றை மூழ்கடித்துவிடும். ஆன்டிபாடியைப் பிடித்துச் சுத்திகரிக்கும் புரதம்-ஜி பத்தியோடு நிறுத்தாமல் அயனிப் பரிமாற்றப் பத்தியிலும் ஓட்டுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் மில்லிகிராமுக்கான செயல்திறன் மாறாமல் நிற்க வேண்டும். பாப்பெய்ன் நொதியால் வெட்டிய ஃபேப் துண்டிலும் (ஆன்டிபாடியின் பிடிக்கும் கையிலும்) வினை தொடர வேண்டும்.

தீர்ப்புச் சொல்வது ஹாப்டென் அளவீடுதான். மில்லிலிட்டருக்கு 1 மி.கி. ஐஜிஜி (வழக்கமான ஆன்டிபாடி வகை) என்பது சுமார் 6.7 மைக்ரோமோலார், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிடிப்புக் குழிகள், ஆக 13 மைக்ரோமோலார். இறுக்கமாகப் பிடிபடும் ஹாப்டெனைச் சிறிது சிறிதாகச் சேர்க்கும்போது அந்த அளவை ஒட்டி வினை நின்றால், உடைப்பது உங்கள் ஆன்டிபாடி. ஒப்பீட்டுக்கு வெறும் பஃபர் போதாது. அதே செறிவில், அதே வகையைச் சேர்ந்த வினையூக்காத ஆன்டிபாடியை வையுங்கள். சீரம் ஆல்புமின்கூட சில எஸ்டர்களை உடைக்கும்.

முதல் 5 சதவீத மாற்றத்துக்குள் வேகத்தை அளந்துவிடுங்கள். விளைபொருளின் ஒரு பாதி ஹாப்டெனை ஒத்திருப்பதால் குழியிலேயே தங்கி வினையை மந்தமாக்கும். விளைபொருள் நைட்ரஜன் மஸ்டர்ட் என்ற புற்று மருந்தாக இருந்தால் அது தண்ணீரோடும் வினைபுரியும்; மாதிரியை எடுத்ததும் எச்பிஎல்சி-யில் (சேர்மங்களைப் பிரித்து அளக்கும் கருவியில்) ஏற்றுங்கள்.

கேள்வி: இத்தனை ஆண்டுகளாகியும் இது ஏன் நோயாளிக்கு வரவில்லை?

பதில்: மருந்து கட்டியில் மட்டும் பிறக்க வேண்டும் என்பதே நோக்கம். அதற்காக முதலில் புற்றுக்கட்டிக்கு அனுப்பப்பட்டது பாக்டீரியா நொதியான கார்பாக்சிபெப்டிடேஸ் ஜி2. லண்டனில் பாக்‌ஷா குழுவினர் அதை ஆன்டிபாடியோடு இணைத்தார்கள். அந்நியப் புரதம் என்பதால் நோயாளியின் உடல் அதற்கு எதிராகத் திரும்பியது. மனித வடிவாக்கிய ஆன்டிபாடியே வெட்டினால் இந்தச் சிக்கல் குறையும் என்ற நம்பிக்கை அங்கிருந்து வந்தது.

இடறுவது வேகத்தில். 1996-இல் வெளியான ஈஏ11-டி7 என்ற வினையூக்கி ஆன்டிபாடி, கார்பமேட் முன்மருந்தை உடைத்து, வளர்ப்புக் குடல் புற்றணுக்களைக் கொன்றது. அதன் உச்ச சுழற்சி வேகம் குழிக்கு நிமிடத்துக்கு 1.88 மூலக்கூறு; கே-எம், அதாவது பாதி வேகத்தை எட்டத் தேவையான முன்மருந்துச் செறிவு, 201 மைக்ரோமோலார். கணக்குப் போடுங்கள்: 100 மி.கி. செலுத்தி, ஒரு கிராம் கட்டியில் 0.01 சதவீதம் சேர்ந்தால், குழிகள் 0.13 மைக்ரோமோலார். முன்மருந்து 20 மைக்ரோமோலார் இருந்தால், மணிக்கு 1.3 மைக்ரோமோலார் மருந்துதான் பிறக்கும். அதிலும் ஒரு பகுதியை இரத்தம் இழுத்துப்போகும். முன்மருந்தின் அளவு கே-எம்முக்குக் கீழேயே நிற்பதால், சுழற்சி வேகத்தைக் கூட்டுவதைப் போலவே கே-எம்மைக் குறைப்பதும் பலன் தரும். இதற்குப் போதிய கவனம் தரப்படவில்லை என்பது என் கருத்து.

இன்னொன்று: இரண்டு கைகளும் வெட்டும் வேலையில் இருந்தால் கட்டியைப் பிடிப்பது எது? ஒரு கை கட்டியைப் பிடிக்க, மறு கை வெட்டும் இருமுக ஆன்டிபாடி வேண்டும். 2001-இல் 38சி2 என்ற வினையூக்கி ஆன்டிபாடி, எட்டோபோசைட் என்ற புற்று மருந்தின் முன்மருந்தை எலிகளில் திறந்து நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றின் வளர்ச்சியை வெகுவாகக் குறைத்தபோதும், ஆன்டிபாடி கட்டிக்குள்ளேயே ஊசியாகப் போடப்பட்டது.

அதே 38சி2-இன் வினைத்திறன் மிக்க லைசின் என்ற அமினோ அமிலம் இப்போது வேறு பணிக்குப் போயிருக்கிறது. வெளிப்பகுதி, புற்றணுவின் மேலுள்ள ஹெர்2 புரதம் போன்ற இலக்கைப் பிடிக்க, உள்ளே இருக்கும் அந்த லைசினில் மருந்தைச் சகப்பிணைப்பால் மாட்டுகிறார்கள். ஒவ்வொரு ஆன்டிபாடியிலும் சரியாக இரண்டு மருந்து மூலக்கூறுகள் அமைகின்றன.