வாசகர் கேள்வி: சரக்கு ரயிலுக்கு எஞ்சின் மட்டும் போதுமா?

கேள்வி: டர்பன் துறைமுகத்தில் இறங்கும் எங்கள் கன்டெய்னர்களை லாரியில் ஜோகன்னஸ்பர்க் கொண்டுபோகிறோம். ரயிலுக்கு மாறலாமா? (ஃபீனிக்ஸ் வாசகர்)

பதில்: மாறலாம், ஐயா. ஆனால் வேலை கப்பல் கிளம்பும் முன்பே தொடங்கவேண்டும். பில் ஆஃப் லேடிங்கில் (கப்பல் நிறுவனம் தரும் சரக்குச் சீட்டு) சேருமிடம் ஜோகன்னஸ்பர்க்கிலுள்ள சிட்டி டீப் என்று இருக்கட்டும். அது உள்நாட்டுத் துறைமுகம், சுங்கச் சோதனையை அங்கேயே முடிக்கலாம். டர்பன் என்று எழுதிவிட்டால் பின்னால் மாற்றுவதற்குள் நாள்கள் ஓடிவிடும், வாடகை ஏறும்.

சரக்கை அடுக்குவதிலும் கவனம் தேவை. யார்டில் ஷன்டிங் செய்யும்போது, அதாவது வேகன்களைத் தள்ளிக் கோக்கும்போது, மோதல் முன்னும் பின்னுமாக விழும். அதனால் கன்டெய்னரின் இரு முனைகளிலும் மரக்கட்டை கொடுத்து முட்டுக்கட்டுங்கள். எடையை நீளவாக்கில் சமமாகப் பரப்புங்கள். சிட்டி டீப்பிலிருந்து கிடங்குவரை போகும் லாரிச் செலவையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள். பலர் இதை விட்டுவிட்டு ரயில் மலிவு என்று நினைத்துவிடுகிறார்கள்.

கேள்வி: ரிச்சர்ட்ஸ் பே துறைமுகப் பாதையில் 200 வேகன் நிலக்கரி ரயில் ஓடுகிறது. டர்பன் பாதையும் அதே 1,067 மி.மீ. அகலம்தானே, இங்கே ஏன் முடியவில்லை? (பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி)

பதில்: அகலம் ஒன்றுதான் அம்மா, மற்றதெல்லாம் வேறு. 1976-ல் திறந்த நிலக்கரிப் பாதை அச்சுக்கு 26 டன் தாங்கும். நான்கு அச்சு வேகன் 104 டன், அதில் நிலக்கரி 84 டன். ஆக ஒரு ரயிலில் 16,800 டன் போகிறது, நீளம் ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர். பொதுச் சரக்குப் பாதைகளில் அச்சுக்கு 20 டன் என்பதே வழக்கம்.

அடுத்தது பிரேக். சாதாரணக் காற்று பிரேக்கில் கட்டளை குழாய் வழியே பெட்டி பெட்டியாகத்தான் போகும். இவ்வளவு நீள ரயிலில் கடைசி வேகனுக்கு அது எட்டப் பல விநாடி ஆகும். அதற்குள் பின்வேகன்கள் முன்வேகன்களை நெருக்கித் தள்ளும், வேகன்களை இணைக்கும் கப்ளிங் முறியும். மின்கட்டளை பிரேக்கில் எல்லா வேகனும் ஒரே நேரத்தில் பிடிக்கும்.

மின்சாரம்தான் பெரிய வித்தியாசம். டர்பன் பாதையில் 3 கிலோவோல்ட் நேர்மின்சாரம், நிலக்கரிப் பாதையில் எர்மெலோவிலிருந்து ரிச்சர்ட்ஸ் பே வரை 25 கிலோவோல்ட் மாறுமின்சாரம். 3 மெகாவாட் வேண்டுமென்றால் முதலாவதில் 1,000 ஆம்பியர் ஓடவேண்டும், இரண்டாவதில் சுமார் 120 போதும். ஆம்பியர் ஏறினால் செம்புக் கம்பி தடிக்கவேண்டும், துணைமின் நிலையங்கள் நெருங்கி நிற்கவேண்டும். தடித்த செம்பு என்றால் திருடனுக்கும் ஆதாயம். நூறு மீட்டர் கம்பி போனாலும் அந்தப் பகுதியில் மின்ரயில் நின்றுவிடும்.

நிலக்கரி முனையத்தில் வேகன்களைப் பிரிக்காமலே கவிழ்த்துக் கொட்டுகிறார்கள். கப்ளிங் சுழலும் வகை என்பதால் இது முடிகிறது. கன்டெய்னரை ஒவ்வொன்றாகத்தான் தூக்கவேண்டும், அதில்தான் மணிக்கணக்கு கரைகிறது.

கேள்வி: 2014-ல் 1,064 எஞ்சின் வாங்க ஒப்பந்தம் போட்டார்களே, பிறகு ஏன் சரக்கு குறைந்தது? (சாட்ஸ்வர்த் வாசகர்)

பதில்: தென்னாப்பிரிக்க அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட்டின் ரயில்கள் 2017-18-ல் சுமார் 226 மில்லியன் டன் சுமந்தன, 2022-23-ல் அது 150 மில்லியனுக்குக் கீழே வந்தது. எஞ்சின் தந்த சீன நிறுவனத்தோடு ஏற்பட்ட தகராறில் உதிரிபாகம் வராமல் பல எஞ்சின்கள் ஷெட்டில் நின்றன. கம்பித் திருட்டும், 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் – கேட்டோ ரிட்ஜ் பாதை சிதைந்ததும் சேர்ந்துகொண்டன.

2025 ஆகஸ்டில் 11 தனியார் நிறுவனங்களைப் பாதையில் ரயில் ஓட்டத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நல்ல முடிவுதான், ஆனால் தண்டவாளம் அரசுடையதாகவே இருக்கும். தண்டவாளத்துக்கு அடியிலுள்ள ஜல்லி அழுக்கடைந்தால் மழைநீர் வடியாது, ஸ்லீப்பர் கட்டை ஆடும், வேகக் கட்டுப்பாடு வரும். அந்தக் கட்டுப்பாடு யாருடைய ரயிலுக்கும் பொதுதான். ஆகவே முதலீட்டில் முதல் பங்கு ஜல்லி சலிப்பு, தண்டவாள மாற்றம், சிக்னல் கேபிள் ஆகியவற்றுக்குப் போகவேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. அதற்கடுத்து, நிலக்கரிப் பாதையில் எர்மெலோவுக்கு அருகே இரட்டைப் பாதையின் நடுவில் ஒற்றைப் பாதையாகக் கிடக்கும் ஓவர்வால் சுரங்கப்பாதைக்கு இணையாக இன்னொன்று குடையவேண்டும். சுமார் 4 கிலோமீட்டர்தான். அது முடியும்வரை சுமையோடு வரும் ரயிலும் காலியாகத் திரும்பும் ரயிலும் அங்கே ஒன்றுக்கொன்று காத்துக்கிடக்கும்.