வேகமான ஹார்ட் டிஸ்க் எது? – கேள்வி பதில்

கேள்வி: புது டெஸ்க்டாப் அசெம்பிள் செய்கிறேன். 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் போட்டால் விண்டோஸ் பறக்குமா?

பதில்: பறக்காது. 5400-க்குப் பரவாயில்லை, அவ்வளவுதான். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. தேடும் தகவல், படித்து எழுதும் முனையான ஹெட்டுக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி விநாடிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். ஹெட் நகரும் நேரம் தனி. விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கில் குட்டிக் குட்டி ஃபைல்களைக் கேட்கும். பல தடவை இதே காத்திருப்புதான். கேபினட்டில் காதை வைத்தால் கேட்கும் அந்தக் கரகர சத்தம், ஹெட் இங்கும் அங்கும் அலைகிற சத்தம். எஸ்எஸ்டி என்பது சிப்பில் சேமிக்கும் டிரைவ்; அதில் சுற்றுவதற்கும் அலைவதற்கும் ஒன்றுமில்லை. விண்டோஸை அதில் போடுங்கள்.

கேள்வி: 10,000 ஆர்பிஎம் டிஸ்க் உண்டாமே?

பதில்: உண்டு. வெஸ்டர்ன் டிஜிட்டலின் ராப்டர், 2003-ல் வந்தது. அதிலும் அரைச் சுற்றுக்கு 3 மில்லி விநாடி ஆகும். இப்போது தேடி வாங்காதீர்கள்.

கேள்வி: சாட்டா எஸ்எஸ்டி விநாடிக்கு 550 எம்பி, என்விஎம்இ எஸ்எஸ்டி 7000 எம்பி என்கிறார்கள். பூட் ஆவதும் அத்தனை மடங்கு வேகமாகுமா சார்?

பதில்: ஆகாது. சாட்டா பழைய இணைப்பு முறை, என்விஎம்இ புதிய, வேகமான முறை. அந்த எண்கள் பெரிய ஃபைலை ஒரே மூச்சில் படிக்கும் வேகம். வீடியோ எடிட் செய்பவருக்குப் பயன்படும். பூட் ஆவதில் பெரிய வித்தியாசம் தெரியாது. விலை நெருக்கமாக இருந்தால் என்விஎம்இயே எடுங்கள். ஆனால் என்விஎம்இ பெரும்பாலும் வரும் எம்.2 என்பது, சிறு பட்டை போன்ற வடிவத்தின் பெயர்தான். சாட்டா எஸ்எஸ்டியும் அதே வடிவில் வரும். மதர்போர்டு எதை ஏற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை நான் எம்.2 சொருகியதும் பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போனது. கேபிளை மாற்றி மாற்றியே அரை நாள் போயிற்று. அந்த ஸ்லாட்டில் போட்டால் ஒரு சாட்டா போர்ட் வேலை செய்யாது என்று மேனுவலில் ஒரே வரி!

கேள்வி: படங்கள் சேமிக்க 4 டிபி வேண்டும். எதைக் கவனிக்க?

பதில்: இதற்கு ஹார்ட் டிஸ்க்கே போதும். தகவலை எழுதும் முறை சிஎம்ஆரா, எஸ்எம்ஆரா என்று மட்டும் பாருங்கள். எஸ்எம்ஆரில் தகவல் எழுதும் தடங்கள் கூரை ஓடு மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒன்றைத் திருத்தினால் பக்கத்தில் உள்ளவற்றையும் திரும்ப எழுத வேண்டும். நிறைய எழுதினால் திணறும். தடங்கள் தனித்தனியாக இருக்கும் சிஎம்ஆர் எடுங்கள்.

கேள்வி: அண்ணா, இரண்டு ஹார்ட் டிஸ்க்கை ரெய்டு 0-வில் போட்டால்?

பதில்: ரெய்டு 0 என்றால் தகவலைத் துண்டு துண்டாக இரண்டு டிஸ்க்கிலும் பிரித்து எழுதுவது. பெரிய ஃபைலுக்கு ஏறக்குறைய இரட்டிப்பு வேகம் வரும், காத்திருப்பு குறையாது. ஒன்று படுத்தால் இரண்டில் இருப்பதும் போச்சு. வேண்டாம், தம்பி.