எந்த வயதில் கணக்கு கேட்கலாம்?

வணக்கம் ஐயா,

நான் திருத்துறைப்பூண்டி பக்கம். பி.ஈ. முடித்துவிட்டு இரண்டு வருடமாகப் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன், வயது 24. 'நிர்வாகச் சீர்திருத்தங்கள் தேசிய இளைஞர் கொள்கையை எப்படி வடிவமைக்கின்றன' என்று ஒரு மாதிரிக் கட்டுரை கொடுத்தார்கள். மேட்டூரில் திறக்கிற தண்ணீர் கடைமடைக்கு வந்து சேராத மாதிரிதான் டெல்லியின் கொள்கைகளும் என்று எழுதினேன். பயிற்சி மையத்து சார் அதை அடித்துவிட்டு, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு ஆள் எடுத்த சோழர் காலத்துக் குடவோலை முறையைச் சேர்க்கச் சொன்னார். ஆயிரம் வருடத்துக்கு முன்பே தேர்தல் நடத்திய மண்ணில் இன்று இளைஞர்களுக்கு ஏன் இடமில்லை? இதற்கு எதைப் படிக்கலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

எதைப் படிப்பது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துவிடுவேன். வீரப்ப மொய்லி தலைமையில் 2005-ல் அமைத்த இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையத்தின் ஆறாவது அறிக்கை, உள்ளாட்சி பற்றியது, 2007-ல் வந்தது. தூக்கம் வரும். படியுங்கள்.

கடைமடை உவமையை உங்கள் சார் அடித்தது சரிதான். கடைமடைக்காரன் தண்ணீர் வரவில்லை என்று கட்டுரை எழுதிக்கொண்டிருக்க மாட்டான், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக வாய்க்கால் தலைப்பு வரைக்கும் நடந்து போய் எவன் அடைத்தான் என்று பார்ப்பான். ஆனால் குடவோலையைச் சேர்க்கச் சொன்னாரே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. கொஞ்ச நாளாக நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு. ஒன்று அவனுடைய 12-ஆம் ஆட்சியாண்டு, அடுத்தது 14-ஆம் ஆண்டு. முதல் கல்வெட்டில் வாரியம் என்ற ஊர்ச் சபைக் குழுவின் உறுப்பினருக்கு வயது 30-க்கு மேல், 60-க்குள். இரண்டாவதில் 35-க்கு மேல், 70-க்குள். இரண்டே வருடத்தில் ஐந்து வயதைக் கூட்டிவிட்டார்கள்! இதுவும் நிர்வாகச் சீர்திருத்தம்தானே. எந்த முப்பத்திரண்டு வயதுக்காரன் சபையில் எதைக் கேட்டுத் தொலைத்தானோ என்று நானாகக் கற்பனை செய்துகொள்வேன். வயது போதாதென்று கால் வேலி அளவுக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு எல்லாம் வேறு. அப்பா வீட்டில் இருந்துகொண்டு தேர்வுக்குப் படிக்கிற உங்கள் ஓலை அந்தக் குடத்துக்குள் விழுந்திருக்கவே விழுந்திருக்காது தம்பி. என்னுடையதும்தான். அப்புறம் எதற்கு ஆயிரம் வருடம் என்று மார்தட்டல்?

சரி, டெல்லிக்கு வருவோம். 2003-ஆம் வருடத்து தேசிய இளைஞர் கொள்கையில் 13 முதல் 35 வயது வரை இளைஞர். 2014-ல் அதை 15 முதல் 29 என்று சுருக்கினார்கள். 2023-ல் மேரா யுவ பாரத் என்ற இளைஞர் அமைப்பு வந்தது, அதைப் பற்றிப் பேச எனக்கு ஆர்வமில்லை. நான் பிடித்துக்கொண்டிருப்பது 1988-ஐ. நாட்டின் முதல் இளைஞர் கொள்கை வந்தது அந்த வருடம். வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18 ஆக்கிய 61-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியதும் அதே வருடம்தான். எது இளைஞர் கொள்கை, நீங்களே சொல்லுங்கள். அடுத்து 73-ஆவது திருத்தம், 1993-ல் அமலுக்கு வந்தது, 21 வயதில் ஊராட்சிக்கு நிற்கலாம் என்றது. அந்த இரண்டு திருத்தங்களின் சட்ட வாசகத்திலும் இளைஞர் என்ற சொல்லைத் தேடினாலும் கிடைக்காது.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். 2016-ல் உங்கள் ஊரில் ஒருவனுக்கு 21 வயது. அந்த அக்டோபரில் நடக்கவேண்டிய உள்ளாட்சித் தேர்தல் நடக்கவில்லை, ஊராட்சியை நடத்த அரசு நியமித்த தனி அலுவலர்கள் வந்தார்கள். தேர்தல் 2019 டிசம்பரில் நடந்தபோது அவனுக்கு 24. 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்ததும் திரும்பத் தனி அலுவலர்கள். அந்த வருடமே அவனுக்கு 30 ஆயிற்று, கொள்கைப்படி இனி இளைஞன் இல்லை. இளைஞனாக இருந்த காலம் முழுக்க நிற்பதற்குக் கிடைத்தது ஒரே ஒரு ஊராட்சித் தேர்தல். இதைக் கட்டுரையில் எழுதியிருந்தால் உங்கள் சார் அடித்திருக்க மாட்டார், அடித்திருந்தாலும் எனக்கு அனுப்பியிருக்கலாம். நாலு தெரு தள்ளி நடப்பது இது, உங்களுக்கு மேட்டூர்தான் கண்ணில் படுகிறது!

கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கும் ஒரு 1996 உண்டு. புதிய ஊராட்சிச் சட்டத்தின்படி நடந்த முதல் தேர்தல், எனக்கு 23, வார்டு உறுப்பினராக ஜெயித்துவிட்டேன். முதல் கூட்டத்துக்கு அம்மா சலவை வேட்டி எடுத்துக் கொடுத்தாள். தீர்மானப் புத்தகத்தை நீட்டி, "தம்பி, கீழ ஒரு கையெழுத்து" என்றார்கள். மேலே ஒன்றும் எழுதாத பக்கம். போட்டேன். கேட்டவர் எனக்குப் பெரியப்பா முறை, எப்படி மறுப்பது? நாலைந்து மாதம் கழித்து அதே பக்கத்தில் வாய்க்கால் தூர்வாரியதாக எழுதியிருந்தது. அந்த வாய்க்காலில் நெய்வேலிக் காட்டாமணக்கு ஆள் உயரத்துக்கு நின்றது, தினமும் அதைத் தாண்டித்தான் நான் வயலுக்குப் போவேன். ஐந்து வருடம் வாயைத் திறக்கவில்லை. அடுத்த தேர்தலில் நிற்கவும் இல்லை.

அதனால்தான் அந்தக் கல்வெட்டில் வயதை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகச் சொல்கிறேன். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி வர முடியாது, அவன் மட்டுமில்லை, அவனுடைய மாமன் மகன், அத்தை மகன், மாமனார், மைத்துனன், மருமகன் யாரும் வர முடியாது என்று உறவு உறவாக வெட்டி வைத்திருக்கிறார்கள். பெரியப்பா முறையின் பலம் அவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. பெருமைப்பட்டே ஆகவேண்டும் என்றால் குடத்தை விட்டுவிட்டு இதற்குப் பெருமைப்படுங்கள்.

கிராம சபை 2022-லிருந்து வருடத்துக்கு ஆறு. தனி அலுவலர் இருந்தாலும் நடக்கும். உங்கள் ஊரில் அடுத்தது நடக்கும்போது போங்கள், வருகைக் கையெழுத்து வாங்க நோட்டு முதலிலேயே சுற்றி வந்துவிடும், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுப் போடுங்கள். வரவு செலவை வாசிக்கச் சொல்லுங்கள். கேட்டதும் யாராவது "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்பார்கள், அப்பா பெயரைச் சொல்லிவிட்டு மறுபடி கேளுங்கள். காலையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், முடிய மத்தியானம் ஆகிவிடும்.