அட்வான்ஸில் கழிக்கச் சொல்கிறார்கள், என்ன செய்ய?

கேள்வி: மதுரை வில்லாபுரத்தில் எங்கள் வீட்டு மாடியை ஏழாயிரம் ரூபாய்க்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற தம்பி, அவர் மனைவி, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். மூன்று மாதமாக வாடகை வரவில்லை. கேட்டால் "அட்வான்ஸ்ல கழிச்சுக்கங்கக்கா" என்கிறார். பியூஸைப் பிடுங்கு, தானாகக் கிளம்புவார்கள் என்கிறார் என் அண்ணன். எனக்கு மனசு வரவில்லை.

பதில்: உங்கள் மனசு சொல்வதுதான் சரி. பியூஸில் கை வைக்காதீர்கள், தண்ணீர் மோட்டாரையும் நிறுத்தாதீர்கள். பாக்கி எவ்வளவு இருந்தாலும் வீட்டுக்காரர் கரண்ட், தண்ணீரைத் துண்டிக்கக் கூடாது என்று 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டமே சொல்கிறது. நீங்கள் புகார் கொடுக்க வேண்டிய விஷயத்தில் அவர் உங்கள் மேல் புகார் கொடுக்கும்படி ஆகிவிடும். அந்த இருட்டில் படிக்கப்போவது பிள்ளைகள், அதையும் அண்ணனிடம் சொல்லுங்கள்.

ஆனால் அட்வான்ஸில் கழிக்க ஒத்துக்கொள்ளவே கூடாது. மூன்று மாத வாடகைதான் அட்வான்ஸாக வாங்கினீர்கள் என்றால் கணக்குப்படி அது இப்போதே தீர்ந்தது. நாளைக்கு அவர்கள் கரண்ட் பில்லைக் கட்டாமல் போனாலோ, குழாயை உடைத்துவிட்டுப் போனாலோ எதில் பிடிப்பீர்கள்?

கடை லீவு நாளில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள், ஏனென்றால் பல வீடுகளில் பாக்கி இருப்பதே மனைவிக்குத் தெரியாது. நிஜமாகவே முடியாதவர் என்றால் இந்த மாதம் முதல் முழு வாடகை, அதோடு பாக்கியில் இரண்டாயிரம், தீபாவளி போனஸ் வந்ததும் ஒரு பெரிய தொகை என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தருகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கொடுங்கள்.

இதற்கும் மசியாவிட்டால் வக்கீல் நோட்டீஸ்தான். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா, பதிவு செய்தீர்களா என்பதை வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு மாதப் பாக்கி இருந்தாலே காலி செய்யச் சொல்லி வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம், ஆனால் நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் பாக்கி முழுவதையும் கட்டிவிட்டால் அந்தக் காரணத்துக்காக வெளியேற்ற முடியாது. உங்களுக்கு வேண்டியதும் பணம்தானே. ஆடியில் வீடு மாற மாட்டோம் என்று அவர்கள் அவகாசம் கேட்டால் சரி என்று சொல்லுங்கள், ஆவணியில் எந்தத் தேதி, அதுவரைக்குமான வாடகை எப்போது என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.