3.3 சதவீதம் என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 24. டொராண்டோவில் பிறந்து வளர்ந்தவள், கனடிய பாஸ்போர்ட். தென்கொரியாவில் தேஜோன் நகரத்தில் ஓர் ஆங்கிலப் பயிற்சிப் பள்ளியில் ஒரு வருட வேலை கிடைத்திருக்கிறது. மாதச் சம்பளம் 24 லட்சம் வொன், தங்க அறை தருகிறார்கள். ஒப்பந்தத்தில் "வரி 3.3 சதவீதம் மட்டுமே பிடிக்கப்படும்" என்று இருக்கிறது. முதல் மூன்று மாதம் மாதா மாதம் 3 லட்சம் வொன் அறைக்கான முன்பணமாகப் பிடிப்பார்களாம். கையெழுத்துப் போடலாமா? போய் இறங்கினால் முதல் சில மாதங்களை எப்படிச் சமாளிப்பது? நான் சைவம். அம்மா மிகவும் பயப்படுகிறார்.

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள். வேலை மோசமானது என்று நான் சொல்லவில்லை. சம்பளமும் அடிமட்டம் இல்லை. 2026-இல் கொரியாவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 10,320 வொன். முழுநேர வேலைக்கு மாதக் கணக்கில் அது சுமார் 21 லட்சத்து 57 ஆயிரம். உங்களுடையது அதற்கு மேலே இருக்கிறது. என்னை உறுத்துவது அந்த 3.3 மட்டும்தான்.

பார்த்தால் சின்ன எண். வரி குறைவுதானே, நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் கொரியாவில் 3.3 சதவீதம் பிடிப்பது ஊழியருக்கு இல்லை, சொந்தத் தொழில் செய்பவருக்கு. 3 சதவீதம் தொழில் வருமான வரி, 0.3 உள்ளூர் வரி. ஒப்பந்தத்தில் உள்ள அந்த ஒரே வாக்கியத்தால் நீங்கள் அந்தப் பள்ளியின் ஊழியர் இல்லை, வந்து போகும் தனி ஒப்பந்தக்காரர் என்று காகிதத்தில் ஆகிவிடுகிறது. அப்படி ஆனால் முதலாளி உங்களுக்காக எதையும் கட்டத் தேவையில்லை என்று வாதிடலாம். நேரத்தை அவர் வைக்கிறார், பாடப் புத்தகம் அவருடையது, வகுப்பும் அவருடையது. இப்படி வேலை செய்பவர் ஊழியர்தான் என்று கொரிய நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன. ஆனாலும் இந்த வாக்கியம் இன்னும் ஒப்பந்தங்களில் வந்துகொண்டுதான் இருக்கிறது, ஏனென்றால் புதிதாக வருபவர் கேட்பதில்லை.

நானும் கேட்கவில்லை. 2011-இல் நான் போனபோது முதல் மாதச் சம்பளச் சீட்டில் பிடித்தம் என்ற இடத்தில் ஒரே ஓர் எண் இருந்தது. சந்தோஷமாக மடித்துப் பையில் வைத்தேன். வருடம் முடிந்து கிளம்பும்போது ஓய்வூதியக் கணக்கைத் திறந்து பார்த்தால் என் பெயரில் ஒரு வொன்கூட இல்லை. பணிக்கொடையும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். தொழிலாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, அந்தச் சம்பளச் சீட்டுகளையும் வகுப்பு அட்டவணையையும் காட்டி, பணிக்கொடையை வாங்க நான்கு மாதம் ஆனது. சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால்தான் கிடைத்தது.

உங்கள் சம்பளத்தை வைத்தே கணக்குப் போடுவோம். ஒரே முதலாளியிடம் ஒரு வருடம் முடித்தவருக்கு, வாரம் 15 மணி நேரத்துக்குக் குறையாமல் வேலை செய்திருந்தால், குறைந்தது 30 நாள் சராசரிச் சம்பளம் பணிக்கொடையாக வர வேண்டும். கொரிய மொழியில் த்வேஜிக்கும் என்பார்கள். உங்களுக்கு அது ஏறக்குறைய 24 லட்சம் வொன். வேலையை விட்ட 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அப்புறம் தேசிய ஓய்வூதியம். 2025 வரை சம்பளத்தில் 9 சதவீதமாக இருந்தது, 2026 முதல் வருடத்துக்கு அரை சதவீதமாகக் கூடி 2033-இல் 13-ஐத் தொடும். 2026-இல் அது 9.5. அதில் பாதி நீங்கள், பாதி முதலாளி. உங்களுக்காக முதலாளி கட்ட வேண்டிய பாதி மட்டும் வருடத்துக்கு 13 லட்சத்து 68 ஆயிரம் வொன். கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா குடிமக்கள் நாட்டை விட்டுக் கிளம்பும்போது இரண்டு பாதியையும் வட்டியோடு மொத்தமாகத் திரும்ப வாங்கலாம். பிரிட்டன்காரர்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை, உங்களுக்கு இருக்கிறது. ஆக அந்த ஒரு வாக்கியத்தால் நீங்கள் இழக்கக்கூடியது 37 லட்சம் வொன்னுக்கு மேல். ஒரு கனடிய டாலருக்கு ஏறக்குறைய 1,000 வொன் என்று வைத்துப் பாருங்கள், எவ்வளவு என்று புரியும். மருத்துவக் காப்பீட்டில் முதலாளி கட்ட வேண்டிய பாதியை நான் இதில் சேர்க்கவே இல்லை.

அதனால் பள்ளிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். பணிவாக, ஒரே கேள்வி: "என்னை சாதே போஹோமில் சேர்ப்பீர்களா? அதை ஒப்பந்தத்தில் எழுதித் தர முடியுமா?" சாதே போஹோம் என்றால் நான்கு காப்பீடு. ஓய்வூதியம், மருத்துவம், பணியிட விபத்து, வேலையிழப்பு. உங்கள் விசாவுக்கு முதல் மூன்றும் கட்டாயம். நல்ல பள்ளியாக இருந்தால் சரி என்று சொல்லி 3.3-ஐ எடுத்துவிடுவார்கள். "எல்லாரும் இப்படித்தான் வாங்குகிறார்கள்" என்று பதில் வந்தால் வேறு பள்ளியைப் பாருங்கள். வேலைக்கு அங்கே பஞ்சம் இல்லை.

கூடவே, ஆசிரியர், அலுவலர் எல்லாம் சேர்த்து எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்றும் கேளுங்கள். ஐந்து பேருக்குக் குறைந்த இடமாக இருந்தால் சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு, கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு சம்பளம் போன்ற பாதுகாப்புகள் சட்டப்படி கிடையாது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு. பணிக்கொடை மட்டும் சின்ன இடத்துக்கும் பொருந்தும்.

அறை முன்பணம் 9 லட்சம் என்பது வழக்கத்தில் இருப்பதுதான். எந்தத் தேதியில் திரும்பத் தருவார்கள், எதற்கெல்லாம் கழிப்பார்கள் என்று எழுதி வாங்குங்கள். அறைக்குள் நுழைந்த அன்றைக்கே, பெட்டியைத் திறப்பதற்கு முன்னால், சுவர், தரை, குளியலறை மூலை எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பாதியில் விட்டுப் போனால் இவ்வளவு அபராதம் என்று முன்கூட்டியே தொகை போட்டிருந்தால் அது கொரியத் தொழிலாளர் சட்டத்தின் 20-ஆவது பிரிவுக்கு எதிரானது. அதையும் எடுக்கச் சொல்லலாம்.

விசாவுக்கான காகிதங்கள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பட்டச் சான்றிதழ், காவல்துறைச் சான்று இரண்டுக்கும் அப்போஸ்டில் முத்திரை, அதாவது வெளிநாட்டில் செல்லும்படி அரசு உறுதிசெய்து தரும் முத்திரை வேண்டும். கனடா 2024 ஜனவரியில்தான் அந்த முறைக்குள் வந்தது, அதற்கு முன்னால் நாங்கள் தூதரகத்துக்கு அலைந்தோம். காவல்துறைச் சான்று ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும், ஆகவே அதைக் கடைசியாக எடுங்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இ-2 எனும் இந்த விசா அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 2010-இல் நடைமுறைக்கு வந்த இருநாட்டு ஒப்பந்தத்தால் ஒரு சின்ன வாசல் உண்டு. ஆங்கில ஆசிரியர் தகுதிச் சான்று இருந்தால் அரசுப் பள்ளியில் துணையாசிரியராகலாம், தனியார் பயிற்சிப் பள்ளியில் முடியாது. இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு அந்த வாசலும் இல்லை. யாராவது பணம் வாங்கிக்கொண்டு வேறு மாதிரி சொன்னால் நம்ப வேண்டாம்.

சரி, இறங்கியாகிவிட்டது. 90 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்தில் பதிந்து குடியிருப்பு அட்டை வாங்க வேண்டும். அதற்கு முன்னால் குறிப்பிட்ட மருத்துவமனையில் காசநோய், போதைப்பொருள் பரிசோதனை இருக்கிறது. குடிவரவு அலுவலகத்துக்கு நேரம் குறித்துக்கொண்டுதான் போக முடியும், முதல் வாரமே குறித்துவிடுங்கள். வங்கிக் கணக்கு, மாதாந்தர போன் இணைப்பு எல்லாம் இந்த அட்டைக்குப் பின்னால்தான்.

இங்கேதான் நம் ஆட்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் வரும். நம் பெயர்கள் நீளம். அப்பா பெயர் முன்னால் வரும், சிலருக்குப் பின்னால் வரும். கொரியப் பெயர் பெரும்பாலும் மூன்று எழுத்து. வங்கியில் இருப்பவர் இடம் போதாமல் பெயரை நடுவில் வெட்டுவார், போன் கடைக்காரர் இடைவெளி விடாமல் சேர்த்து அடிப்பார். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. கொரியாவில் இணையத்தில் எதை வாங்கினாலும், ரயில் முன்பதிவிலிருந்து மருந்து வரை, போன் எண்ணை வைத்து நீங்கள்தானா என்று சரிபார்ப்பார்கள். அட்டையில் ஒரு மாதிரி, வங்கியில் ஒரு மாதிரி, போனில் ஒரு மாதிரி இருந்தால் "பொருந்தவில்லை" என்று வந்துகொண்டே இருக்கும். எனவே வங்கியிலும் போன் கடையிலும் அட்டையை மேசைமேல் வைத்து, அதே பெரிய எழுத்து, அதே இடைவெளி, அதே வரிசையில் அடிக்கச் சொல்லுங்கள். அடித்த பிறகு திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பாருங்கள். சங்கடப்பட வேண்டாம். நான் இதை மூன்று இடத்தில் மாற்ற ஒரு விடுமுறை முழுவதையும் செலவழித்தேன்.

அறை சின்னதாக இருக்கும், ஆனால் குளிர்காலத்தில் தரை சூடாக இருக்கும். ஒந்தோல் என்கிற தரைச்சூடு முறை. சுவரில் ஒரு சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும், அதில் ஒன்சு என்றால் வெந்நீர், வேச்சுல் என்றால் வெளியே போயிருக்கிறேன். கடுங்குளிரில் ஊருக்குப் போகும்போது காசு மிச்சம் பிடிக்க முழுவதுமாக அணைத்துவிடாதீர்கள், குழாய் உறைந்து வெடித்தால் செலவு உங்கள் தலையில்தான். வேச்சுலில் விட்டுவிட்டுக் குழாயை நூல்போல ஒழுக விடுங்கள்.

குப்பைக்கு அந்தந்த வட்டாரத்தின் பெயர் அச்சிட்ட கட்டணப் பை வாங்க வேண்டும். 1995-இலிருந்து இந்த முறை. மூலைக் கடையில் கிடைக்கும், ஆனால் பக்கத்து வட்டாரத்துப் பை உங்கள் தெருவில் செல்லாது. உணவுக் கழிவு தனி. அதிலும் முட்டை ஓடு, எலும்பு, வெங்காயத் தோல், தேயிலைச் சக்கை, மாங்கொட்டை போன்றவை உணவுக் கழிவு ஆகாது, சாதாரணக் குப்பைதான். மிருகம் தின்னுமா என்று பார்த்தால் போதும், தின்னாததை அதில் போடக் கூடாது.

கொரிய எழுத்தைப் போவதற்கு முன்பே படித்துவிடுங்கள், ஒரு வாரம் போதும். தமிழ் வாசிக்கத் தெரிந்தால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. 'கடல்' என்பதற்கும் 'மகன்' என்பதற்கும் நாம் ஒரே க-வை எழுதி வேறு வேறாக ஒலிக்கிறோம் இல்லையா, அவர்களுடைய க, த, ப எழுத்துகளும் அப்படியே. சொல்லின் தொடக்கத்தில் ஒரு மாதிரி, இரண்டு உயிரொலிக்கு நடுவில் ஒரு மாதிரி. என்னோடு வேலை செய்த மற்ற நாட்டுக்காரர்கள் இதில் மாதக்கணக்கில் தடுமாறினார்கள். பிள்ளைகள் 'பஸ்' என்பதை 'பொஸு' என்று இழுக்கும்போதும் உங்களுக்கு வியப்பாக இருக்காது, நம் வீட்டுப் பாட்டிகள் 'பஸ்ஸு' என்பதுதானே.

வகுப்பில் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பிள்ளையின் பெயரைச் சிவப்பு மையில் எழுதக் கூடாது. அங்கே அது சாவோடு சேர்த்துப் பார்க்கப்படுவது. என் முதல் வாரத்தில் விடைத்தாள் திருத்திய கையோடு அதே பேனாவால் ஒரு சிறுமியின் பெயரை எழுதினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பெயரின்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு, வகுப்பு முடியும்வரை எடுக்கவில்லை. பக்கத்தில் இருந்தவன்தான் எனக்குச் சொன்னான். அன்றிலிருந்து பச்சைப் பேனா.

நிறம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அம்மாவின் பயத்தில் அதுவும் இருக்கும். விண்ணப்பத்தோடு படம் கேட்பது அங்கே வழக்கம், அதைப் பார்த்து வெள்ளைக்காரரையே எடுக்கும் பள்ளிகள் உண்டு. உங்கள் படத்தைப் பார்த்துத்தான் உங்களை எடுத்திருக்கிறார்கள், அது நல்ல அறிகுறி. பெற்றோர் சிலர் "இவர் உண்மையில் கனடாவா?" என்று அலுவலகத்தில் கேட்பார்கள். என்ன பதில் சொல்வீர்கள் என்று நிர்வாகியிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். பிள்ளைகள் கையைத் தொட்டுப் பார்ப்பார்கள், வயது கேட்பார்கள், கல்யாணம் ஆகிவிட்டதா என்பார்கள். அவர்களும் அம்மாவை 'ஓம்மா', அப்பாவை 'ஆப்பா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நம் சொல்லை ஒருநாள் சொல்லிக் காட்டுங்கள், அந்த வகுப்பு உங்களை விடாது.

சாப்பாட்டில் இறைச்சியைத் தவிர்ப்பது எளிது, மீனைத் தவிர்ப்பதுதான் கடினம். "கோகி ப்பே ஜுசெயோ" என்றால் இறைச்சி போடாமல் தருவார்கள், ஆனால் சூப்பில் நெத்தலிச் சாறு இருக்கும், கிம்ச்சியில் இறால் உப்போ மீன் சாறோ இருக்கும். நெத்தலிக்கு அவர்கள் சொல் ம்யோல்ச்சி. அதையும் சேர்த்துக் கேளுங்கள். வாரநாளில் நீங்களே சமைப்பதுதான் நிம்மதி. பருப்பும் மசாலாவும் இணையத்தில் வாங்கலாம், சியோலில் இதேவோன் பள்ளிவாசல் பக்கத்துக் கடைகளில் எல்லாம் கிடைக்கும். தாளிக்கும்போது அலமாரியைச் சாத்தி, துணி காயப்போடும் ஸ்டாண்டைக் குளியலறைக்குள் தள்ளிவிடுங்கள். ஒரே அறை, வாசனை அப்படியே சட்டையில் ஏறும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தனியாகச் சொல்லிக் கொடுங்கள், கைமேல் பணம் என்று யாராவது கேட்பார்கள். செய்யாதீர்கள். உங்கள் விசாவில் அது சட்டவிரோதம், நாடு கடத்தும் வரை போகலாம்.

அம்மாவுக்கு மூன்று எண் எழுதிக் கொடுங்கள். குடிவரவுக்கு 1345, சம்பளப் பிரச்சினைக்கு 1350, ஓய்வூதியத்துக்கு 1355. சேர்ந்த மூன்றாம் மாதம் நீங்களே 1355-க்கு அழைத்து, பள்ளி உங்கள் பெயரில் கட்டுகிறதா என்று கேளுங்கள். 2011-இல் நான் அந்த ஓர் அழைப்பைச் செய்திருந்தால் போதும்.

பெட்டியில் டொராண்டோ வீட்டு மிக்ஸியை வைக்க வேண்டாம். அது 120 வோல்ட், கொரியாவில் 220, போட்ட நிமிடமே கருகும். பச்சைக் கறிவேப்பிலை, பழம், இறைச்சி எதுவும் விமான நிலையத்தில் விடமாட்டார்கள். வறுத்து அரைத்த தூளை மட்டும் அம்மாவிடம் இறுக்கமாகக் கட்டித் தரச் சொல்லுங்கள், கேட்டால் எடுத்துக் காட்டலாம்.