நார்ன்களும் நாட்டுக்கோழியும்

அன்புள்ள ஐயா,

காட்பாடியில் பொறியியல் படிக்கிறேன். ‘கிரியேச்சர்ஸ்’ என்ற பழைய கணினி விளையாட்டில் நார்ன் என்னும் பிராணிகளை வளர்க்கிறேன். ஊட்டி, பேசக் கற்றுக்கொடுத்து வளர்த்த ஆறு நார்ன்களை, தாமாகவே பிழைக்கட்டும் என்று ஒரு சாயங்காலம் விட்டுவிட்டு வெளியே போனேன். திரும்பி வந்தபோது நான்கு செத்திருந்தன, கேரட்டுக்குப் பக்கத்திலேயே. வல்லது வாழும் என்பதுதானே இயற்கை? அவற்றுக்கு உண்மையில் உயிர் உண்டா? அதே விளையாட்டில் நார்ன்களைத் தாக்கும் கிரெண்டல் என்னும் பிராணிகளை ஒழித்துவிடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உயிர் உண்டா என்பதை இப்போதைக்கு விடு. ‘வல்லது வாழும்’ என்று எழுதியிருக்கிறாயே, அதைத்தான் என்னால் தாண்டிப்போக முடியவில்லை.

1996-இல் ஸ்டீவ் கிராண்ட் உருவாக்கிய நார்னுக்குச் சுமார் 1,000 நியூரான்கள் கொண்ட மூளை. பசித்தபோது எதைச் செய்து பசி தணிந்ததோ, அந்த இணைப்பு உறுதிப்படும். நீ தடவிக்கொடுத்தாலும் உறுதிப்படும், அடித்தால் தளரும். அப்படியென்றால் அந்த நான்கின் தலைக்குள் பாதியை எழுதியது உன் கை. எழுதிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டு, பழியை இயற்கைமேல் போடுகிறாய். நியாயமா இது?

குடியாத்தத்தில் எங்கள் பாட்டி நாட்டுக்கோழி வளர்த்தாள். அடைகாத்து எழுந்த கோழி குப்பைமேட்டைக் காலால் கிளறும். கறையான் கிடைத்தால் தான் விழுங்காது. அலகில் எடுத்துக் கீழே போட்டு, மறுபடி எடுத்துப் போட்டு, கொக்கொக்கென்று கூப்பிடும். பருந்து வட்டமிட்டால் அந்தக் குரலே வேறு. குஞ்சுகள் அத்தனையும் இறக்கைக்குள் ஓடிவிடும். கொஞ்சம் வளர்ந்ததும் அதே கோழி அவற்றைக் கொத்தி விரட்டும். நான் அழுவேன். “அதுங்க கெளறக் கத்துக்கினுச்சுடா, இனிமே அதுங்க பாடு” என்பாள் பாட்டி.

கங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் சாயக்குஞ்சு விற்பார்கள், ரோஸும் பச்சையுமாக. அடம்பிடித்து வாங்கிவந்து அட்டைப்பெட்டியில் குருணை போட்டு வளர்ப்போம். பருந்து வந்தால் மற்றவை ஓட, இவை அப்படியே நிற்கும். பாட்டி அவற்றைத் தனியாக வாசலில் விடவே மாட்டாள். நாட்டுக்கோழிக் குஞ்சின் சாவுக்கு ஒரு நாளும் கலங்காதவள், சாயக்குஞ்சின்மேல் கூடையைக் கவிழ்க்க மறந்தவர்களை வாய்க்கு வந்தபடி ஏசுவாள். கொத்தி விரட்டும் உரிமை கிளறக் கற்றுக்கொடுத்த கோழிக்கு உண்டு, பெட்டியில் குருணை போட்டவனுக்குக் கிடையாது. நீ குருணை போட்டவன், தம்பி.

விளையாடுகிறவர்கள் ‘வுல்ஃப்லிங் ரன்’ என்று ஒன்று நடத்துவதுண்டு. நார்ன்களைத் தலைமுறை தலைமுறையாக அவற்றின் போக்கில் விட்டுவிட்டு, மரபணுக்கள் கலந்தும் மாறியும் என்ன வருகிறது என்று பார்ப்பது. அருமையான காரியம். அங்கும் மிஞ்சுவது வல்லது அல்ல, அந்த இடத்துக்குப் பொருந்தியது. முதல் முட்டைகள் எவை, அவற்றை எங்கே விடுவது என்பதெல்லாம் உன் தேர்வுதான். அதையாவது மறக்காதே.

செய்வதென்றால் புது உலகம், புது முட்டைகள், முதல் நாளிலிருந்தே கை படக்கூடாது. மிச்சமிருக்கிற இரண்டையும் அங்கே கொண்டுபோகாதே. அவற்றுக்கு வயதாகி முடியும்வரை நீதான் ஊட்டவேண்டும். கிரெண்டல்களை ஒழிக்க வேண்டாம், அவையும் அந்த உலகத்தில் பிறந்தவைதான். உன் இரண்டுக்கும் பக்கத்தில் அண்டவிடாமல் பார்த்துக்கொள், போதும்.